சிற்பியின் சுழல்கருவி

மரத்தில் உருவம் காணும் கலை தமிழ்நாட்டில் தொன்மை வாய்ந்தது. திருக்கோயில்களின் தேர்களும், இறைவன் உலாப் போகும் வாகனங்களும், பழைய மாளிகைகளின் தூண்களும் கதவுகளும் இக்கலைக்குச் சான்று பகர்கின்றன. இற்றைநாளிலும் சேலம் மாவட்டத்துத் தம்மம்பட்டியிலும், பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூரிலும், கள்ளக்குறிச்சியிலும் மரச்சிற்பிகள் பலர் இத்தொழிலைப் போற்றி வருகின்றனர். அரும்பாவூர் மரச்சிற்பங்களுக்கு 2020ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பெற்றது.

மரச்சிற்பியின் வேலை படிப்படியாக நிகழ்வது. முதலில் வாய்ச்சியால் மரத்தைச் செதுக்கி வடிவின் பருமையைக் காண்பான். பின்னர் உளியும் கொட்டாப்புளியும் கொண்டு கை, கால், முகம் என்னும் உறுப்புகளைப் பிரிப்பான். இறுதியாகவே விரல் நகமும், ஆடையின் மடிப்பும், அணிகலனின் மணியும், கண்ணின் இமையும் தோன்றும். பல நாள் உழைத்துச் செய்த உருவத்துக்கு உயிர் தருவது இந்தக் கடைசி வேலையே. அதனைக் கெடுப்பதும் இந்தக் கடைசி வேலையே. மெல்லிய விரலின்மீது உளியை வைத்துத் தட்டும்போது, அடி சற்றே மிகுந்தால் விரல் ஒடிந்துவிடும். நாரோட்டத்தின் போக்கில் பிளவு ஓடிவிடும். மூக்குப் போயின் முகம் போயிற்று. முகம் போயின் ஒரு மாத உழைப்பும் உடன் போயிற்று.

அடி கொடாமலே மரத்தை அரிக்கும் கருவி ஒன்று இருப்பின் இவ்விடர் பெரிதும் நீங்கும் அன்றோ? அத்தகைய கருவியே கைச்சுழல்கருவி. கடைகளில் இதனை ரோட்டரி டூல் என்று வழங்குவர். சிறியதொரு முனை மிக விரைவாகச் சுழன்று, மரத்தைத் துகள் துகளாக எடுப்பதே இதன் தொழில். அடியும் இல்லை, பிளவும் அரிது. ஆயினும் இக்கருவியில் வகைகள் பல. தக்கதைத் தேர்ந்து கொள்பவனுக்கு இது துணையாகும். தகாததைக் கொள்பவனுக்குப் பொருட்செலவும் கைந்நோவுமே எஞ்சும். ஆதலின் இதனைத் தேர்ந்து கொள்ளும் முறையை அறிதல் நன்று.

கருவி வந்த வழி

சுழலும் முனையால் துளையிடும் அறிவு மனிதனுக்குப் புதிதன்று. பாகிஸ்தானின் பலூசிஸ்தான் பகுதியில் மெகர்கர் என்னும் பழைய ஊர் உள்ளது. அங்குக் கிடைத்த மனித எலும்புகளில், ஒன்பது பேருடைய பதினொரு கடைவாய்ப் பற்களில் துளையிட்ட அடையாளம் இருப்பதை ஆய்வாளர்கள் 2006ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அத்துளைகள் ஏறத்தாழ 7,500 முதல் 9,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை. வில்லின் நாணைச் சுற்றிக் கோலைச் சுழற்றும் துரப்பணம் நம் தச்சர்களும் நெடுங்காலம் கையாண்ட கருவியே.

கைக்கு அடங்கிய விரைவான சுழல்கருவி வளர்ந்ததற்குப் பல் மருத்துவமே பெருங்காரணம் எனலாம். அமெரிக்க நாட்டினராகிய ஜேம்ஸ் மாரிசன் என்பார், தையற்பொறி போலக் காலால் மிதித்து இயக்கும் பல் துளைப்பொறிக்கு 1871ஆம் ஆண்டில் உரிமை பெற்றார். பின்னர் மின்சாரம் காலின் வேலையை ஏற்றது. ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ஆல்பர்ட் டிரெமெல் என்பார், 1932ஆம் ஆண்டில் விஸ்கான்சின் மாநிலத்து ரசீன் நகரில் ஒரு தொழிலகம் தொடங்கினார். மின்பொறியையே கைப்பிடிக்குள் அடக்கிய அவ்விடத்துச் சிறு கருவி உலகெங்கும் பரவியது. பல் மருத்துவரும் பொற்கொல்லரும் கையாண்ட அதே முறை இன்று மரச்சிற்பியின் பட்டறைக்கும் வந்துள்ளது.

கருவியின் உறுப்புகள்

கைச்சுழல்கருவி எவ்வகையினதாயினும் அதன் உறுப்புகள் நான்கே. சுழற்சியைத் தருவது மோட்டார். அச்சுழற்சியைக் கொண்டு செல்வது தண்டு. தண்டின் நுனியில் முனையின் காம்பை இறுகப் பிடிப்பது கோலெட் என்னும் பற்றுறுப்பு. மரத்தை அரிப்பது முனை. பட்டறைகளில் முனையைப் பிட் என்பர்.

துளையிடும் டிரில் பொறியும் சுழல்வதுதானே, அதுவே போதாதோ என்று சிலர் எண்ணலாம். போதாது. டிரில் மெதுவாகவும் வலிமையாகவும் சுழல்வது. நேராக அழுத்துவதற்கு ஏற்றது. சுழல்கருவியோ விரைவாகச் சுழன்று, பக்கவாட்டில் அரிப்பது. டிரிலைப் பக்கவாட்டில் அழுத்தி வேலை வாங்கினால் அதன் பற்றுறுப்பும் உருளைத் தாங்கிகளும் விரைவில் கெடும். ஒவ்வொரு கருவிக்கும் உரிய தொழில் உண்டு என்பதை மறத்தல் ஆகாது.

மூவகைக் கருவிகள்

மரச்சிற்ப வேலைக்கு ஏற்ற சுழல்கருவிகள் மூவகைப்படும்.

முதல் வகை, மோட்டாரையே கைப்பிடியாகக் கொண்டது. இது வாங்குவதற்கு எளியது. விலையும் பெரும்பாலும் குறைந்தது. நிமிடத்துக்கு 5,000 முதல் 35,000 சுற்று வரை சுழலும் கருவிகள் இவ்வகையில் உண்டு. ஆயின் இதன் எடை அரைக் கிலோவும் அதற்கு மேலும் இருக்கும். அவ்வளவு பருமனையும் எடையையும் விரல்களால் தாங்கி, இமையின் கோட்டை வரைதல் எளிதன்று. இதனினும் பருத்து, 6 மில்லிமீட்டர் காம்பைப் பிடிக்கும் இனத்தை டை கிரைண்டர் என்பர். அது மரத்தை மிகுதியாகக் களைவதற்கு உரியதேயன்றி நுண்வேலைக்கு உரியதன்று.

இரண்டாம் வகையில் மோட்டார் ஒரு கொக்கியில் தொங்கும். அதிலிருந்து வளையும் தன்மையுள்ள நீண்ட தண்டு ஒன்று உறைக்குள் இறங்கிவரும். அதன் நுனியில் பேனாவை ஒத்த மெல்லிய கைப்பிடி இருக்கும். கால்மிதியால் வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். இதன் வேகம் பெரும்பாலும் நிமிடத்துக்கு 15,000 முதல் 20,000 சுற்றுக்குள் அடங்கும். ஆயினும் வேலையில் அழுத்தும்போது எளிதில் தளராத வலிமை இதற்கு உண்டு. மோட்டாரின் எடை கையில் இல்லை. குறை என்னவெனில், தண்டைக் கூர்மையாக வளைத்தால் அது சூடேறித் தேயும். உள்தண்டுக்கு அவ்வப்போது மசகு இடவும் வேண்டும்.

மூன்றாம் வகையை மைக்ரோ மோட்டார் என்பர். பல் கட்டும் தொழிற்கூடங்களில் வழங்குவது இது. சிறியதொரு மோட்டார் கைப்பிடிக்குள்ளேயே இருக்கும். அதனை ஆளும் பெட்டி மேசைமேல் இருக்கும். நிமிடத்துக்கு 35,000 முதல் 50,000 சுற்று வரை, மிகச் சிறிய அதிர்வோடு சுழலும். எழுதுகோலைப் பிடிப்பது போலப் பிடித்து எழுதுவது போலவே செதுக்கலாம். ஆயின் இதன் வலிமை சிறிது. பெரிய முனையைப் பூட்டி, மரத்தை மிகுதியாக எடுக்க முயன்றால் மோட்டார் சூடேறிக் கெடும்.

இவற்றுள் எது சிறந்தது என்று கேட்டல் பொருந்தாது. எந்த வேலைக்கு எது ஏற்றது என்று கேட்டலே பொருந்தும். உள்ளங்கை அளவான கொடிப் பூவேலைக்கு மைக்ரோ மோட்டார் ஏற்றது. இரண்டு அடி உயர உருவங்களை நாள்தோறும் செய்வோர்க்குத் தொங்கும் மோட்டார் ஏற்றது. எப்போதேனும் சிறிது வேலையும், துளையிடுதல், மெருகிடுதல் போன்ற பிற வேலையும் உடையோர்க்கு முதல் வகையே போதும்.

வேகமும் முனையின் அளவும்

கருவி வாங்க வருவோர் முதலில் நோக்குவது வேகத்தையே. எண் பெரிதாயின் கருவியும் பெரிது என்பது அவர் எண்ணம். இது முழு உண்மையன்று. மரத்தை அரிப்பது முனையின் விளிம்பு. ஆகவே எண்ணத்தக்கது விளிம்பு ஓடும் வேகம். அது சுற்றின் எண்ணிக்கையோடு முனையின் குறுக்களவையும் பொறுத்தது.

ஓர் எடுத்துக்காட்டால் இதனைத் தெளியலாம். 3 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள முனையின் சுற்றளவு ஏறத்தாழ 9.4 மில்லிமீட்டர். அது நிமிடத்துக்கு 30,000 முறை சுழன்றால், அதன் விளிம்பு ஒரு நிமிடத்தில் 283 மீட்டர் ஓடும். இது மணிக்கு 17 கிலோமீட்டர்; மிதிவண்டியின் வேகம். அதே கருவியில் 20 மில்லிமீட்டர் முனையைப் பூட்டினால் விளிம்பு நிமிடத்துக்கு 1,885 மீட்டர் ஓடும். இது மணிக்கு 113 கிலோமீட்டர். விரைவு ரயிலின் வேகம். கருவியின் எண் மாறவில்லை. விளிம்பின் வேகமோ ஏறக்குறைய ஏழு மடங்காயிற்று.

சிறிய முனைக்கு மிகுந்த சுற்றும், பெரிய முனைக்குக் குறைந்த சுற்றும் வேண்டும் என்பது இதனால் விளங்கும். ஒவ்வொரு முனைக்கும் தாங்கும் எல்லை உண்டு. அதனை உறையில் அச்சிட்டிருப்பர். எல்லை கடந்தால் நீண்ட காம்பு வளைந்து சாட்டை போல் வீசும். முனை முறிந்து பறத்தலும் கூடும். மேலும், மிகுந்த வேகத்தில் முனையை ஒரே இடத்தில் நிறுத்தினாலும், மழுங்கிய முனையை அழுத்தினாலும் உராய்வினால் வெப்பம் பிறக்கும்; மரம் கருகும். கருகிய கறை எளிதில் நீங்காது. ஆதலால் உச்ச வேகம் எவ்வளவு என்பதினும், வேகத்தை எவ்வளவு குறைக்கலாம் என்பதும், குறைத்த வேகத்திலும் வலிமை நிற்கின்றதா என்பதுமே கேட்கத்தக்க வினாக்கள்.

பற்றுறுப்பின் செம்மை

நுண்வேலைக்கு இன்றியமையாத மற்றொன்று பற்றுறுப்பின் செம்மை. முனை தன் அச்சிலேயே சுழல வேண்டும். மயிரிழை அளவு விலகிச் சுழன்றாலும், வரையும் கோடு அகலும், கருவி நடுங்கும், முனை விரைவில் தேயும். இதனைக் கடையிலேயே ஆராயலாம். நேரான எஃகுக் கம்பி ஒன்றைப் பற்றுறுப்பில் பூட்டி, கையால் மெதுவாகச் சுழற்றி, அதன் நுனியை உற்று நோக்க வேண்டும். நுனி ஒரு புள்ளியில் நின்றால் கருவி செம்மையானது; வட்டமிட்டால் அதனை விலக்குதல் நலம். பின்னர் மெதுவாக இயக்கிக் கையில் உணரும் அதிர்வையும் அறிய வேண்டும்.

முனைகளின் காம்புகள் பெரும்பாலும் 2.35 மில்லிமீட்டர், 3.2 மில்லிமீட்டர், 6 மில்லிமீட்டர் என்னும் அளவுகளில் கிடைக்கின்றன. அவற்றுள் தமக்கு வேண்டியவற்றைப் பிடிக்கும் கோலெட்டுகள் அக்கருவிக்கு உண்டா என்று முன்னரே வினவிக் கொள்ள வேண்டும். கருவி வாங்குவது ஒருமுறை. முனை வாங்குவது பலமுறை.

முனையின் பொருளும் வடிவும்

விரைவு எஃகு முனை மரத்தைத் தூய்மையாக அரியும். ஆயின் விரைவில் மழுங்கும். டங்ஸ்டன் கார்பைடு முனை விலை மிக்கது; நெடுநாள் உழைப்பது. முள் முள்ளாகப் பற்கள் உடைய கார்பைடு முனை மரத்தை விரைந்து களையும். பின்னே சொரசொரப்பை விட்டுச் செல்லும். வைரத்துகள் பதித்த முனை கடினமான மரத்தில் நுண்கோடு இடுவதற்கு ஏற்றது. பிசின் உள்ள மென்மரத்தில் அதன் துகளிடையே தூள் அடைத்துக் கொள்ளும்.

வடிவும் வேலைக்கு ஏற்ப அமைதல் வேண்டும். குழிந்த இடத்துக்குப் பந்து வடிவம். இலையின் நடுநரம்புக்கும் ஆடையின் மடிப்புக்கும் சுடர் வடிவம். ஒன்றன்கீழ் ஒன்றாகப் புதைந்து தோன்றும் அணிகளுக்குத் தலைகீழ்க் கூம்பு. நூறு முனைகள் அடங்கிய பெட்டியை மலிவாக வாங்குதலினும், நல்ல முனைகள் ஐந்தாறு வாங்குதல் மேல். அப்பெட்டியில் மரத்துக்குப் பயன்படாதவையே பல இருக்கக் காணலாம்.

கையின் நலம்

சிற்பிக்குக் கையே முதல். கருவி கெடின் வேறொன்று வாங்கலாம். கை கெடின் என் செய்வது? அதிர்வு மிக்க கருவியை நாள்தோறும் பல மணி நேரம் பிடிப்பவர்க்கு விரல்களில் குருதியோட்டம் குன்றும். விரல் வெளுக்கும், மரத்துப் போகும், உணர்ச்சி இழக்கும். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்துப் பெட்ஃபோர்டு பகுதியில், காற்றால் இயங்கும் சுத்தியலைக் கொண்டு சுண்ணாம்புக் கல்லைச் செதுக்கிய தொழிலாளர்களிடம் இந்நோயை மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன் என்னும் அம்மையார் 1918ஆம் ஆண்டில் ஆராய்ந்து வெளியிட்டார். அவர்கள் பிடித்தது சுழல்கருவி அன்று. எனினும் அதிர்வு விரலுக்குச் செய்யும் தீங்கு அவ்வாராய்ச்சியால் உலகுக்குப் புலனாயிற்று. ஆகவே கருவியைத் தேர்வோர் அதனை ஐந்து நிமிடமேனும் கையில் பிடித்து இயக்கிப் பார்த்தல் வேண்டும். கைப்பிடி சூடேறுகின்றதா, விரல் மரக்கின்றதா, எடை முன்னே இழுக்கின்றதா என்று நோக்குதல் வேண்டும். வாங்கிய பின்னரும் இடையிடையே கைக்கு ஓய்வு தருதல் கடமை.

மரத்தூளும் எளிதாகக் கருதத்தக்கதன்று. உளி செதுக்கும்போது விழுவது சீவல். அது நிலத்தில் விழும். சுழல்கருவி எழுப்புவது நுண்தூள். அது மூச்சோடு உட்புகும். மரத்தூள் மனிதர்க்குப் புற்றுநோய் விளைவிப்பது என்று உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வு முகமை 1995ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் வகைப்படுத்தியுள்ளது. ஆதலால் தூளை வடிகட்டும் முகக்கவசமும், கண்ணுக்குக் கண்ணாடியும், நெடுநேர வேலையில் செவிக்கு அடைப்பும் வேண்டும். தோளில் தொங்கும் துண்டும், தளர்ந்த சட்டைக் கையும், கட்டாத கூந்தலும் சுழலும் தண்டின் அருகே வருதல் ஆகாது. கருவிக்கு என ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியை இக்காப்புப் பொருள்களுக்கும் ஒதுக்குவோரே அறிவுடையோர்.

பழுதும் பராமரிப்பும்

மின்கம்பி உடைய கருவி இடையறாது உழைக்கும். மின்கலத்தால் இயங்குவது எங்கும் எடுத்துச் செல்ல ஏற்றது. ஆயின் மின்னேற்றம் தீர்ந்தவுடன் வேலை நிற்கும். மின்கலமும் சில ஆண்டுகளில் தளரும். மோட்டார்கள் பலவற்றில் கரித்துண்டுகள் இரண்டு உண்டு. அவற்றைக் கார்பன் பிரஷ் என்பர். அவை தேய்வது இயல்பு. தேய்ந்தவற்றை வெளியிலிருந்தே மாற்ற இயலுமா, அவை அண்மை நகரத்தில் கிடைக்குமா என்று கேட்டறிதல் வேண்டும். உதிரி உறுப்பு கிடைக்காத கருவி எவ்வளவு மலிவாயினும் விலை மிக்கதே.

கருவியும் கையும்

இளஞ்சிற்பி ஒருவன் முதல் ஊதியத்தில் இக்கருவியை வாங்கியதாகக் கொள்வோம். தூங்குமூஞ்சி மரத்தில் அவன் செதுக்கிய பெண்ணுருவம் முடியும் நிலையில் உள்ளது. விரல்களின் இடைவெளியைச் சுழல்முனையால் பிரிக்கின்றான். ஒரு விரலும் ஒடியவில்லை. ஆரத்தின் மணிகளைப் பந்து முனையால் எழுப்புகின்றான். அரை நாள் வேலை ஒரு மணியில் முடிகின்றது. களிப்பு மிகுந்து, கன்னத்தையும் அம்முனையாலேயே மெருகிட முயல்கின்றான். கன்னத்தில் மெல்லிய நார்கள் எழுந்து நிற்கின்றன. ஓரிடத்தில் கருமை படர்கின்றது. அருகிலிருந்த அவன் பாட்டனார் ஒன்றும் சொல்லாமல், சாணை தீட்டிய தம் நகவுளியை எடுத்து நீட்டுகின்றார். நாரோட்டத்தை அறிந்து ஒருமுறை சீவியதும் கருமை நீங்கிக் கன்னம் பளபளக்கின்றது.

இவ்விளக்கத்தில் ஓர் உண்மை உள்ளது. சுழல்முனைக்கு நாரோட்டம் தெரியாது. எத்திசையிலும் அது ஒன்றுபோல அரியும். அதுவே அதன் நன்மை. அதுவே அதன் குறையும் ஆம். ஒடியும் இடத்தில் அந்த அறியாமை உருவத்தைக் காக்கின்றது. மிளிர வேண்டிய இடத்தில் அதுவே மேனியைக் கெடுக்கின்றது. கூரிய உளி சீவிய மரத்தின் இயல்பான ஒளியைச் சுழல்முனை தருவதில்லை. ஆகவே சுழல்கருவி வந்தமையால் உளியின் தொழில் முடிந்துவிடவில்லை. எங்கே ஒன்றை வைத்து மற்றொன்றை எடுப்பது என்று அறியும் அறிவே புதிதாக வேண்டப்படுகின்றது.

கருவியைத் தேர்வோன் முதலில் தன் வேலையைத் தேர்தல் வேண்டும். அடுத்துத் தன் கையை அறிதல் வேண்டும். அதன் பின்னரே கடைக்குச் செல்லுதல் வேண்டும். அவ்வாறு தேர்ந்த கருவி கைக்கு ஏவல் செய்யும். தேராது கொண்ட கருவிக்குக் கை ஏவல் செய்ய நேரும். இது சிற்பிக்கு மட்டும் உரிய நெறியன்று. கருவி கொண்டு தொழில் செய்வோர் அனைவர்க்கும் உரியது.